பெட்டியின் மேல் எழுத்து தெளிவில்லை

பச்சைமுத்து என்ன வேலை பார்க்கிறான் என்பது மாகடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்தப் பெங்களூர்ச் சந்தில் யாருக்கும் பிடிபட்டதில்லை. காலேஜில் வாத்தியார், அதுவரை சரி. அதற்கு மேல் தினம் நாலு பேப்பர் வாங்கி, கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, எங்கெங்கோ வீடில்லாமல் கிடப்பவர்களையும் எங்கெங்கோ கொத்துக்கொத்தாகச் செத்தவர்களையும் வெட்டியெடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு வைக்கிறானே, அது எதில் சேர்த்தி என்று தெரியவில்லை. பழைய பேப்பர்காரர் ஒருவர்தான் அவனை மதித்தார். சந்துக்குள் வரும்போதெல்லாம் அவன் வாசலில் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பார்.

அவனைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வான். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான், அதுதான் தொல்லை. வீடற்றவர்களையும் இனப்படுகொலையையும் நாளிதழ்கள் எப்படிக் காட்டுகின்றன என்பது அவன் ஆராய்ச்சி. 1994இல் ருவாண்டாவில் ஜனங்களை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தபோது அவன் வாங்கிய பேப்பர் ஒன்று அதை ஏழாம் பக்கத்து மூலையில் ‘பழங்குடி மோதல்’ என்று போட்டிருந்தது. அதே நாள் மூன்றாம் பக்கத்தில், நடைபாதையில் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போன செய்திக்கு ‘நடைபாதை சுத்தமானது’ என்று தலைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். குடிசைகள் அகன்றன, வீடுகள் எரிந்தன, மக்கள் மடிந்தனர். எல்லாம் தானாகவே நடக்கிறது. ‘எரிந்தன’ என்று இருக்கிறது, ‘எரித்தார்கள்’ என்று எங்கேயும் இல்லை. செய்தவன் இல்லாத வினைச்சொற்கள்.

இதைக் கண்டுபிடித்த அன்று பச்சைமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் அவனுடைய வழிகாட்டி, ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த பேராசிரியை மௌரீன், நூலகத்திலிருந்து பதினோரு புத்தகங்களை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தார். பதினொன்றிலும் அது இருந்தது.

“மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க பச்சைமுத்து,” என்றார் மௌரீன். “நம்ம சிட்டி பேப்பர்ல இதை யாரும் எண்ணிப் பாக்கல. நீங்க எண்ணுங்க.”

எண்ண ஆரம்பித்தவன் ஏழு வருஷம் எண்ணினான்.

1990 முதல் 1999 வரை பத்து வருஷத்துப் பத்திரிகைப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள், தாளில் கட்டங்கள். எத்தனை பேர், முகம் தெரிகிறதா, என்ன சாமான் வைத்திருக்கிறார்கள், படத்துக்குக் கீழே அவர்களைக் குறிக்கும் சொல் என்ன, அந்தச் சொல்லைச் சொன்னது யார், ஆய்வுக்குத் தொடர்பு உண்டா இல்லையா. ‘சொன்னது யார்’ என்ற கட்டத்தில் எல்லாத் தாளிலும் ‘பத்திரிகை’ என்றே எழுதினான். அந்தக் கட்டத்தை ஏன் வைத்தோம் என்று அவனுக்கே சில சமயம் சந்தேகம் வரும். ஆனால் அச்சடித்தாகிவிட்டது, நாலாயிரத்து இருநூறு தாள்.

காலேஜில் பையன்கள் அவனுக்கு ‘படுகொலை சார்’ என்று பேர் வைத்திருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவன் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே புள்ளிவிவரம் சொல்கிறவனோடு யார் உட்காருவார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஆஸ்டின் டவுனுக்குப் போனபோது, ரூபினியின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார். “தம்பி வீடில்லாதவங்களைப் பத்திப் படிக்கிறதா சொன்னாங்க. உங்களுக்குச் சொந்த வீடு இருக்குதுங்களா?” இருக்கிறது, ஷீட் போட்ட வீடு, அப்பா கட்டியது என்றான். அதைக் கேட்டு அவர் முகம் தெளிவதற்குள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ருவாண்டாவை ஆரம்பித்துவிட்டான். ரூபினி உள்ளேயிருந்து காபியோடு வந்து பேச்சை வெட்டியிருக்காவிட்டால் அந்தச் சம்பந்தம் அன்றே முடிந்திருக்கும்.

ரூபினி ஒக்கலிபுரத்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “வீடற்றவர் ஒண்ணுல இருந்து பதினாலு வரைக்கும் பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கீங்க. அவங்களுக்கெல்லாம் இடம் கிடைச்சிடுச்சு. நம்ம கட்டிலுக்குத்தான் இடமில்ல.” அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு பெட்டியைக்கூட நகர்த்தவில்லை.

இத்தனைக்கும் அவனுடைய வேலை தற்காலிகம். 2001 ஜூனுக்குள் டாக்டர் பட்டம் வந்தால் நிரந்தரம், வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் அவன் பதிவுக் காலமும் அந்த ஜூனோடு முடிகிறது. ஆய்வேடு போய்ச் சேர்ந்து, மே மாதம் ஒரு திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு என்று கடிதம் வந்தது. வெளித்தேர்வாளர் மைசூரிலிருந்து வரும் பேராசிரியர் வெங்கடகிருஷ்ணன். பார்வையாளர்கள் வரலாம், குடும்பத்தார் வரலாம். தேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுப்பது வழக்கம்.

“டாக்டர் ஆவறதை நான் பாக்க வேணாமா,” என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அம்மா பேர் ஜானகி. அப்பா நாராயணசாமி ரயில்வே யார்டில் வேகன்களுக்கு நம்பர் எழுதுகிற பெயின்டர். அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம், திரையில் போட்டுக் காட்டவேண்டிய படங்களை ஸ்கேன் செய்ய அவன் ஒக்கலிபுரத்துக்குப் போயிருந்தான். ஆய்வேட்டில் மாதிரிப் படங்கள் ஆறு. ஐந்து, ‘தொடர்பு உண்டு’ வகை. ஆறாவது, ‘தொடர்பு இல்லை’ என்று தள்ளியதற்கு ஒரு மாதிரி. அதை அவன் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். யாருக்கும் சந்தேகமே வரக்கூடாத படமாக இருக்கவேண்டும் என்று தேடி எடுத்தது. 1991 டிசம்பர் மத்தி, சிட்டி ரயில் நிலையம், பிளாட்பாரத்தில் பத்துப் பதினைந்து பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே, ‘ரயிலுக்காகக் காத்திருக்கும் பயணிகள்’. தாளில் அவன் எழுதியிருந்தது, சாமான்கள்: மூட்டை எட்டு, தகரப்பெட்டி ஒன்று. குறிப்பு: பெட்டியின் மேல் எழுத்து உள்ளது, தெளிவில்லை.

“இந்தப் பொட்டி மேல என்னமோ எழுதியிருக்குதே,” என்றாள் ரூபினி.

“அதான் தெளிவில்லன்னு போட்டிருக்கேனே.”

“உங்களுக்குத் தெளிவில்ல. ஸ்கேனருக்கு நல்லாத் தெளிவா இருக்குது. இங்க வாங்க.”

அவள் பெரிதாக்கினாள். கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெயின்ட், ஆங்கில எழுத்து. ‘என். பச்சைமு’ வரைக்கும் தெரிந்தது. மிச்சத்தை ஒரு பெண்ணின் முழங்கை மறைத்திருந்தது. அதற்குக் கீழே தனி வரியில் ‘பி.ஏ.’

எழுத்துகள் நெட்டை நெட்டையாக, ஓரம் சதுரமாக, சரக்கு ரயில் வேகனில் இருக்கிற மாதிரியே இருந்தன. அவன் பி.ஏ. பாஸ் செய்த வாரம் அப்பா எழுதியது. வீட்டில் முதல் பட்டதாரி. தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று பெட்டியின் மூடி பூராவும் எழுதியிருந்தார். மேற்படிப்புக்கு மெட்ராஸ் போகும்போது, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலில் இறங்கவேண்டுமே என்று வெட்கப்பட்டு, ரெக்ஸின் சூட்கேஸ் ஒன்று வாங்கிக்கொண்டான். பெட்டி வீட்டிலேயே நின்றது. சர்டிபிகேட்டுகளை மட்டும் அதில் வைத்துவிட்டுப் போனான்.

முழங்கைக்காரி முந்தானையைத் தலையில் போட்டுக் குனிந்திருந்தாள். பக்கத்தில் தோளில் துண்டோடு ஒரு ஆள், காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“அது அப்பா முதுகு,” என்றான் பச்சைமுத்து. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே அழுதான்.

ரூபினி திரையை அணைத்தாள். “91ல நீங்க எங்க இருந்தீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

மெட்ராஸில் இருந்தான். டிசம்பர் பரீட்சை. அந்த மாதம் காவிரித் தண்ணீர்த் தகராறு முற்றி, பெங்களூரில் தமிழர்கள் இருந்த சில இடங்களில் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். அவன் ஹாஸ்டலில் பேப்பர் படித்துப் பதறிக் கடிதம் போட்டான். அப்பா இன்லண்ட் லெட்டரில் பதில் போட்டார். ‘இங்கே கொஞ்சம் கலாட்டா. நாங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். யாவரும் நலம். நீ பரீட்சையைக் கவனி.’ பெங்களூரில் கலாட்டா என்றால் கன்னடத்துக்காரர் சொல்கிற கலாட்டே, அடிதடியும் அதில் வரும், ஊரே பற்றி எரிவதும் அதில் வரும். மெட்ராஸில் கலாட்டா என்றால் மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுவது. கடிதத்தை எட்டிப் பார்த்த அறைத் தோழன், “என்னடா, உங்க வீட்ல கல்யாணமா?” என்று கேட்டான். பச்சைமுத்துவும் சிரித்தான். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன், ஒன்றரை வருஷத்தில் சொல்லின் அர்த்தத்தை மெட்ராஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் லீவுக்கு வந்தபோது வீட்டுக்குப் புது ஷீட். சுவர் பூராவும் புது வெள்ளை. ஒழுகிக்கொண்டிருந்தது, மாற்றினோம் என்றார் அப்பா. பெயின்டர் வீட்டில் பெயின்டுக்கு என்ன பஞ்சம் என்று அவனும் விட்டுவிட்டான். போதாக்குறைக்கு, “வீடு இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு,” என்று பாராட்டு வேறு. அப்பா எழுந்து வெளியே போனது இப்போது ஞாபகம் வந்தது. அந்தப் பாராட்டை நினைத்துத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுப்பில் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு லட்டு. பச்சைமுத்து சமையலறை வாசலில் படத்தை நீட்டினான்.

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. ஒரு பார்வை பார்த்தாள். “எங்கடா கெடைச்சுது இது?”

“பேப்பர்ல வந்ததும்மா. என்கிட்டயே மூணு வருஷமா இருந்தது. நான்தான் பாக்கல.”

“உங்கப்பா அந்தப் பொட்டியைத் தூக்கிகினு ஓடுனாரு. ஒரு குண்டான் எடுக்கல, ஒரு புடவை எடுக்கல. புள்ளை சர்டிபிகேட்டு இருக்குதுன்னு அதை மட்டும் தூக்கிகினு ஓடுனாரு. பின்னாடி வேலி அடைப்பு வழியா போனோம். திரும்பிப் பாக்கறதுக்குள்ள எரிஞ்சுபோச்சு.”

“எத்தனை நாள் ஸ்டேஷன்ல?”

“மூணு நாள். திருப்பத்தூருக்கு டிக்கெட் வாங்கிட்டோம். வண்டி வர்றதெல்லாம் கூட்டம். உங்கப்பா ஏறவே இல்ல. வீட்டை வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு உக்காந்துகினாரு. எரிஞ்ச வீட்டுக்கு என்னாத்துக்குங்க காவல்னு கேட்டேன். அப்புறம் நாலாம் நாள்தான் போனோம்.”

அவன் படத்தின் கீழே விரலை வைத்துக் காட்டினான். “பயணிகள்னு போட்டிருக்காம்மா பாரு. இதைத்தான் நான் ஏழு வருஷமா சொல்றேன். வீடு போய் நிக்கறவங்களை இவங்க இஷ்டத்துக்கு ஒரு பேரு வெச்சு—”

“அவங்க ஒண்ணும் வெக்கல,” என்றாள் அம்மா. “நான்தான் சொன்னேன்.”

பச்சைமுத்து படத்திலிருந்து விரலை எடுத்தான்.

“காமிரா வெச்சிருந்தவன் வந்து கன்னடத்துல கேட்டான், ‘யாரு நீவு, எல்லிந்த பந்த்ரி’ன்னு, யாரு நீங்க, எங்கேர்ந்து வந்தீங்கன்னு. அவன் யாரோ எவனோ, எனக்கு என்னாத் தெரியும். தமிழ்ல பேசுனா என்னா ஆவுமோன்னு, ‘நாவு பாசெஞ்சர்ஸு, ஊரிகெ ஹோக்தீவி’ன்னேன், ஊருக்குப் போறோம்னு. அவன் எழுதிகினு போனான். டிக்கெட் கையில இருந்துச்சே, பொய்னு எப்படிச் சொல்லுவே? டிக்கெட் இருந்ததாலதான் யாரும் எங்களை எழுப்பல.”

நாலாயிரத்து இருநூறு தாள்கள் அவன் கண்முன் வந்து நின்றன. ‘சொன்னது யார்: பத்திரிகை.’ தாளுக்குத் தாள், தன் கையெழுத்தில், கொஞ்சமும் யோசிக்காமல்.

“யாரும்மா எரிச்சது?”

“எரிஞ்சுபோச்சு, வுடு.”

“தானா எரியுமா? யாருன்னு உனக்குத் தெரியும்தானே?”

அம்மா அடுப்பை அணைத்தாள். ரவையைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். எதிர்வீட்டு கோவிந்தப்பாவின் தங்கை மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தன் கண்ணாலேயே பார்த்தாள். அதே கோவிந்தப்பாதான் அவர்களைத் தன்னுடைய லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். வழியில் நிறுத்தியவர்களிடம், நம்ம அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கன்னடத்தில் சத்தம் போட்டார்.

“அந்த மனுஷன் மூஞ்சியை நான் காலையில எழுந்து கோலம் போடறப்ப பாக்கணும்,” என்றாள் அம்மா. “அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்டதில்ல. அந்தப் பையனுக்கு இப்ப ரெண்டு கொழந்தை. அவன் பொண்டாட்டி வளைகாப்புக்கு நான்தான் சித்ரான்னம் கிளறிக் குடுத்தேன். எரிஞ்சுபோச்சுன்னு சொன்னா நான் இந்தச் சந்துல இருக்கலாம். நீ படிச்சவன், உனக்கு வேற மாதிரி சொல்லணும். இதை நாளைக்கு அங்க சொல்லாதே. என் மேல ஆணையா சொல்லாதே.”

சொல்லமாட்டேன் என்றான். வேறென்ன சொல்வது. செய்தவனை மறைக்கும் சொற்களைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவனுக்கு, அப்படி ஒரு சொல்லைப் பத்து வருஷமாகத் தினம் வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தி தன் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது தெரியவில்லை. ருவாண்டாவுக்கும் இந்தச் சந்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம், இரண்டையும் ஒன்றென்று சொல்கிற அளவுக்கு அவனுக்குப் புத்தி கெடவில்லை. ஆனால் கொளுத்தியவனுக்கு எதிர்வீட்டில் திரும்பக் குடியிருக்கவேண்டியவர்கள் எந்த வினைச்சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்று அவன் ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. அதற்குக் கட்டமே போடவில்லை.

படத்தை எடுத்துவிடலாம் என்றால் முடியாது. ஆய்வேடு மாதிரிப் படங்களோடு மைசூருக்குப் போய் மூன்று மாதமாகிறது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் அம்மா எவர்சில்வர் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ரூபினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சைமுத்து முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினான். நன்றாகத்தான் பேசினான். மௌரீன் இரண்டு தடவை தலையாட்டினார். பேராசிரியர் வெங்கடகிருஷ்ணன் மெலிந்த, சாந்தமான மனிதர். பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், ஆறாவது படத்தைத் திரும்பப் போடச் சொன்னார்.

சுவர் பூராவும் அம்மாவின் முழங்கை வந்தது.

“இவர்கள் பயணிகள்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?”

“படத்தின் கீழே அப்படி இருக்கிறது, சார்.”

“நாற்பது பக்கம் படத்துக்குக் கீழே இருப்பதை நம்பாதே என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே மட்டும் ஏன் நம்பினீர்கள்? தேதியைப் பாருங்கள். அந்த வாரம் இந்த ஊரில் பயணிகள் என்றால் யார் என்று யோசித்தீர்களா?” குரல் உயரவே இல்லை. “பெட்டியின் மேல் ஏதோ எழுதியிருக்கிறதே. அது என்ன?”

பச்சைமுத்து திரையைப் பார்த்தான். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு ஜாண் உயரத்துக்கு நின்றது. ஆனால் முழங்கை குறுக்கே வந்திருந்தது, ‘பச்சைமு’ வெளிச்சத்தில் பாதி வெளிறியிருந்தது. தெரியாதவர்களுக்குத் தெரியாது.

“தெளிவில்லை, சார்,” என்றான்.

அந்தப் பொய்யைச் சொன்னபோது அப்பாவின் முதுகு எதிரே இருந்தது. ஹாஸ்டலுக்கு வெட்கப்பட்டு அந்தப் பெட்டியை ஒரு தடவை வீட்டில் விட்டுப் போனான். இது இரண்டாவது தடவை.

வெங்கடகிருஷ்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு பயணிகள் படம் இப்படியென்றால், தொடர்பில்லை என்று தள்ளிய ஆயிரத்துச் சொச்சம் படங்களை எந்த நம்பிக்கையில் ஏற்றுக்கொள்வது, அத்தனையையும் மறுபடி செய்து ஒரு வருஷம் கழித்து வரலாமே என்றார். ஒரு வருஷம் என்றால் பதிவும் இல்லை, வேலையும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஏழு வருஷமாக நிறுத்தாமல் பேசிவந்தவன், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மேஜை விரிப்பில் இருந்த பூவேலையில் இதழ்களை எண்ண ஆரம்பித்தான். எண்ணுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வேலை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ரயில்வே குடும்பம், பாசெஞ்சர் என்றால் தெரியும். அந்தச் சொல் நாலைந்து தடவை காதில் விழுந்தது. சுவரில் தன் கையைப் பார்த்தாள். மகன் தலை தொங்கியதைப் பார்த்தாள். தூக்கை ரூபினி கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“ஐயா,” என்றாள். முப்பது பேரும் திரும்பினார்கள். “அது நான்தாங்க. பக்கத்துல அவரு. பாசெஞ்சர்னு நான்தான் பயந்துகினு சொன்னேன். இவன் சொல்ல வேணாம்னு நேத்து ஆணை வாங்கிகினேன், அதான் முழிக்கிறான். அது இவன் பொட்டி. எங்க வீட்டை எரிச்சிட்டாங்க, ஐயா. அதான் அங்க போய்க் குந்திகினு இருந்தோம்.”

எரிச்சிட்டாங்க. பச்சைமுத்து தலையை நிமிர்த்தினான். பத்து வருஷத்துப் பேப்பரில் அவன் தேடிய சொல் அது. அம்மா அதைச் சந்தில் சொன்னதில்லை, அடுப்படியில் சொன்னதில்லை, அப்பாவிடமாவது சொல்லியிருப்பாளா தெரியாது. பெருமையாக இருந்தது, கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெங்கடகிருஷ்ணன் எழுந்து நின்றார். தமிழில் கேட்டார். “யாரும்மா எரிச்சது?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “எரிச்சாங்க. அவ்ளோதான் நான் சொல்லுவேன்.”

“போதும்மா,” என்றார் அவர். “உக்காருங்க.”

அரைமணி நேரம் உள்ளே பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒரு திருத்தத்தோடு. தொடர்பில்லை என்று தள்ளிய அத்தனை படங்களையும் பூதக்கண்ணாடி வைத்து மறுபடி பார்த்து மூன்று வாரத்தில் கொடுக்கவேண்டும். வெங்கடகிருஷ்ணன் லட்டு எடுத்துக்கொள்ளும்போது அவனிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். “தெளிவில்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி கண்ணாடியைத் துடைச்சுக்கங்க, டாக்டர்.” முதன்முதலாக டாக்டர் என்று கூப்பிட்டது அந்தத் திட்டுக்கு நடுவில்தான்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா நடுவில் உட்கார்ந்து, காலித் தூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அங்க சொன்னது அங்கயே இருக்கட்டும். சந்துக்குள்ள வரக் கூடாது.”

சந்து முனையில் கோவிந்தப்பா லக்கேஜ் ஆட்டோவுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினார். “ஏனம்மா, மக டாக்டரு ஆத்னா?” மகன் டாக்டராகிவிட்டானா என்று கேட்டார்.

“ஆத, கோவிந்தப்பா,” என்றாள் அம்மா. தனியாக எடுத்து வைத்திருந்த நாலு லட்டை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “மனெயல்லி எல்லர்கூ கொடி,” என்றாள். வீட்டில் எல்லாருக்கும் கொடுங்கள். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பச்சைமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். தெரியுமா தெரியாதா என்று அவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த மூன்று வாரம் பூதக்கண்ணாடியோடு போயிற்று. காலேஜ் விட்டு வந்ததும் உட்காருவான். தள்ளி வைத்த படங்களில் இன்னும் பதினேழு பெட்டிகளின் மேல் எழுத்து இருந்தது. சிலது பேர், சிலது ஊர், ஒன்றில் ‘கல்யாணப் பரிசு’ என்று இருந்தது. ‘தெளிவில்லை’ என்று அவன் கையெழுத்திலேயே பதினேழு தடவை எழுதியிருந்தான். ஒவ்வொன்றையும் அடித்துத் திருத்தும்போது, “வாத்தியாருக்கு இம்பொசிஷனா?” என்று கேட்டுவிட்டுப் போனாள் ரூபினி.

ஆறாவது படத்தின் தாளை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான். பெட்டியின் மேல் எழுத்து: என். பச்சைமுத்து, பி.ஏ. தொடர்பு: உண்டு. முகம் தெரிகிறதா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்ததை அப்படியே விட்டான். படத்தின் கீழே உள்ள சொல், ‘பயணிகள்’. அதையும் மாற்றவில்லை. அடுத்த கட்டத்தில் ‘சொன்னது யார்: பத்திரிகை’ என்று இருந்தது. பத்திரிகையை அடித்துவிட்டு ‘என் அம்மா’ என்று எழுதினான்.